மாமா பட்டனை அழுத்தியிருந்தார்

எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் தன் ஞாபகசக்தியின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை இழந்தார். அதற்கு நான் காரணம். அவருடைய ஞாபகத்தில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு நான் எழுதிக் கொடுத்த நிரலில் இருந்தது. அது தெரிந்த பிறகும் பழியை அவர்மேல் போட்டுவிட்டு வெகுநாள் சும்மா இருந்தேன். இதை எழுத அவரிடமே அனுமதி கேட்டேன். பெயரும் தெருவும் வேண்டாம், மற்றதை எழுது என்றார்.

மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து சற்று உள்ளே, நான் மாமா என்று கூப்பிடும் அவருக்குப் பூர்வீக வீடு இருந்தது. இடித்து ஃப்ளாட் கட்டுவதற்கு பில்டரிடம் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வீட்டைக் காலி செய்வதற்குள் அலமாரி நிறைய இருந்த கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பெரும்பாலானவை சென்னை வானொலியிலிருந்து பிடித்தவை: சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சி, மார்கழிக் கச்சேரிகள். அவை போனாலும் மயிலாப்பூரிலோ தி. நகரிலோ இன்னொரு ரசிகர் வீட்டில் பிரதி கிடைத்துவிடும். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவைதான் வேறு எங்கும் இல்லாதவை. மாமாவின் அக்கா மேடை ஏறாதவர். கூடத்தில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பாடங்களை மாமா ஒரு டூ-இன்-ஒன்னில் பதிவு செய்து வைத்திருந்தார். கச்சேரிப் பதிவில் முடிந்த வடிவம்தான் கேட்கும். பாடப் பதிவில் ஒரு சங்கதி எங்கே தவறுகிறது, ஆசிரியை அதை எப்படி நிறுத்தித் திருத்துகிறார், எந்த இடத்தில் மூச்சு எடுக்கச் சொல்கிறார் என்பதெல்லாம் இருக்கும். பாடாந்தரம் என்று சொல்கிறோமே, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிற இடம் அதுதான். அக்கா காலமாகி வெகு காலம் ஆகிறது.

கடற்காற்றின் ஈரத்தில் பல கேசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவைதான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. ஏற்றி முடித்த பூஞ்சைக் கேசட்டை மற்றவற்றோடு வைக்க வேண்டாம், பரவிவிடும், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான்.

அப்போது அடையாறில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.ஐ.டி. வளாகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்களுக்குப் போய்ப் பைத்தான் நிரல்மொழி மீது பற்று வந்தவன். மாமாவின் லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்ததும் நான்தான். வேலைக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே கிடைத்தது. ‘ஏ-ரெக்கார்ட்’ என்ற கட்டளை ஒலியைப் பதிவு செய்து வேவ் கோப்பாக வைக்கும். ‘ஃப்ளாக்’ என்ற கட்டளை அந்த வேவ் கோப்பைத் தரம் குறையாமல் ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கும். டெர்மினலில் கட்டளை அடிப்பது மாமாவுக்குச் சரிப்படாது. அதனால் பைத்தானில், விண்டோ செய்ய உதவும் டிகே-இன்டர் தொகுதியை வைத்து, ஒரு சிறிய விண்டோ செய்தேன். அதில் இரண்டு பட்டன்: ‘பதிவு’, ‘மாற்று’. கீழே ஒரு பட்டை, அதற்கும் கீழே பச்சை எழுத்தில் ‘முடிந்தது’.

சிடி தரத்தில் பதிவு செய்தால் ஒரு விநாடிக்கு 1,76,400 பைட். 90 நிமிடக் கேசட் ஒன்று 95 கோடி பைட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒரு ஜி.பி. அலமாரி முழுவதையும் வைக்க அந்தப் பழைய லேப்டாப்பில் இடம் கிடையாது. ஆகவே சுருக்கிய கோப்பு யுஎஸ்பி வழியாக இணைத்த வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும், போனதும் லேப்டாப்பில் உள்ள வேவ் கோப்பு அழிக்கப்படும் என்று அமைத்தேன். அழிக்கும் வேலையையும் என் நிரலிடமே கொடுத்தேன்.

முதலில் எழுதியபோது பட்டனை அழுத்தினால் கட்டளையை நேரே ஓடவிட்டேன். விண்டோ அப்படியே உறைந்து போனது. காரணம் எளியது. டிகே-இன்டர் ஓயாமல் ஒரு சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். மவுஸ் அசைவு, பட்டன் அழுத்தம், திரையைத் திரும்ப வரைதல் எல்லாம் அந்தச் சுற்றில்தான் நடக்கும். பட்டனுக்குரிய வேலை முடியும்வரை சுற்று நிற்கும். வெளிக்கட்டளை ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டால் விண்டோவும் ஒரு நிமிடம் செத்துக் கிடக்கும். “தொங்கறதுப்பா” என்றார் மாமா. போதாததற்கு அவர் கோப்புகளுக்கு வைத்த பெயர்களில் அடைப்புக்குறிகள் இருந்தன: ‘சஹானா (பாதியில் நிற்கிறது)’. நான் கட்டளையை ஒரே சரமாக ஒட்டி, கட்டளைகளைப் படித்து ஓடவிடும் ஷெல்லிடம் கொடுத்திருந்தேன். ஷெல்லுக்கு அடைப்புக்குறி வேறு பொருள் தரும், அது அங்கேயே தடுக்கி விழுந்தது.

எனவே வெளிக்கட்டளைகளை ஓடவிடும் சப்-பிராசஸ் தொகுதிக்கு மாறினேன். 2004-இல் வந்த பைத்தான் 2.4 முதல் அது இருக்கிறது. கட்டளையையும் கோப்புப் பெயரையும் பட்டியலாகக் கொடுத்தால் ஷெல்லே நடுவில் வராது, பெயரில் என்ன குறி இருந்தாலும் கவலையில்லை. கட்டளையைத் தனியாகக் கிளப்பிவிட்டு, அரை விநாடிக்கு ஒருமுறை அது ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கச் செய்தேன். விண்டோ உறையவில்லை, பட்டை நகர்ந்தது. ஆனால் நீளமான கோப்புகள் பாதி வழியில் நின்றன. ஃப்ளாக் தான் எத்தனை சதவீதம் முடித்தேன் என்பதைப் பிழைகளுக்கான வழியில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த வழியை ஒரு குழாயில் இணைத்துவிட்டு, குழாயை நான் படிக்கவேயில்லை. லினக்ஸில் அந்தக் குழாய் பொதுவாக 64 கிலோபைட்தான் கொள்ளும். நிரம்பினால் எழுதுகிறவர் காத்திருக்க வேண்டும். ஃப்ளாக் காத்திருந்தது, என் நிரல் ஃப்ளாக்குக்காகக் காத்திருந்தது. பைத்தான் ஆவணத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது.

இங்கேதான் முதல் தவறு. குழாயைப் படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். நான் அந்த வழியையே எங்கும் போகாத வெற்றிடத்துக்குத் திருப்பிவிட்டேன். ஒரே சொல்லை மாற்றியதும் நீளமான கோப்புகளும் தடையின்றி ஓடின. அன்றிலிருந்து ஃப்ளாக் என்ன புகார் சொன்னாலும் அதைக் கேட்க யாரும் இல்லை.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை ‘போல்’ என்ற செயற்கூறு எட்டிப் பார்க்கும். கட்டளை இன்னும் ஓடினால் ‘நன்’ என்று வெறுமை திரும்பும். முடிந்திருந்தால் ஓர் எண் திரும்பும். 0 என்றால் காரியம் ஆனது, வேறு எந்த எண்ணும் ஆகவில்லை என்று பொருள். அந்த எண் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி: கடிதம் சேர்ந்ததா, திரும்பியதா என்பது அதில்தான் இருக்கும். நான் எழுதிய நிபந்தனை, திரும்பியது வெறுமை இல்லையென்றால் ‘முடிந்தது’ என்று காட்டு, வேவ் கோப்பை அழி. எண் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். என்ன எண் என்று பார்க்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எக்ஸிட் கோட் எனப்படும் இந்த எண் என்ன என்று எனக்குத் தெரியும், அலுவலக வேலையில் நாள்தோறும் சோதிப்பேன். மாமாவின் நிரல் வீட்டு உபயோகத்துக்குத்தானே, ஒரே ஆள்தானே பயன்படுத்துகிறார் என்று நினைத்தேன். பச்சை எழுத்து எந்தப் பச்சையில் இருந்தால் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதற்கு ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன். பூஜ்யத்தோடு ஒப்பிடும் ஒரு வரிக்கு நேரம் தரவில்லை. அந்த ஒரே ஆள் நம்பிக் கொடுத்தது இன்னொரு பிரதி இல்லாத பொருள் என்பதை யோசிக்கவில்லை.

பிற்பாடு ஃப்ளாக்கின் கையேட்டைப் படித்தேன். மூலக் கோப்பை அழிக்க அந்தக் கட்டளையிலேயே ஒரு விருப்பம் இருக்கிறது. சுருக்குவது வெற்றியாக முடிந்தால் மட்டும் அழிக்கும். பிழை வந்தால் மூலத்தைத் தொடாது. சுருக்கியதைத் திரும்ப விரித்துச் சரிபார்க்கும் விருப்பமும் உண்டு. எழுதியவர்கள் என்னைப் போன்ற ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்து அதை வைத்திருக்கிறார்கள். நான் படிக்கவில்லை. நானே அழித்தேன்.

ஒரு பிற்பகல் மாமா போன் செய்தார். “இன்னிக்கு ரொம்ப வேகமா முடியறதேப்பா, அமுக்கின உடனே முடிஞ்சதுன்னு வந்துடறது” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் மீட்டிங்கில் இருந்தேன். “நல்லதுதானே மாமா” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் கோப்பு ஒரு கணத்தில் சுருங்காது என்பது தொழில் தெரிந்த எனக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும்.

நடந்தது இது. ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் லேசாக நழுவி இணைப்பு விட்டுப் போயிருந்தது. உபுண்டுவில் வெளி டிஸ்க் இணைந்தால் அதற்கென்று ஒரு ஃபோல்டர் தோன்றும், இணைப்பு போனால் அந்த ஃபோல்டரும் மறையும். சேமிக்க வேண்டிய இடமே இல்லாததால் ஃப்ளாக் ஒவ்வொரு முறையும் உடனே தோற்று, 1 என்ற எண்ணைத் திருப்பியது. பிழைச் செய்தியை வெற்றிடம் விழுங்கியது. என் நிரல் எண்ணைப் பார்த்து ‘முடிந்தது’ என்று பச்சையில் எழுதி, வேவ் கோப்பை அழித்தது. அன்று அவர் ஏற்றிக்கொண்டிருந்தவை அக்காவின் பாடங்கள்.

சில வாரம் கழித்து, எதையோ கேட்பதற்காகத் தேடியபோதுதான் அவை இல்லை என்று தெரிந்தது. அதற்குள் அந்தப் பூஞ்சைக் கேசட்டுகள் என் யோசனைப்படி பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தன. மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் காபி போட உள்ளே போன நேரத்தில் டெர்மினலைத் திறந்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஃப்ளாக் கட்டளையைக் கையால் அடித்துப் பார்த்தேன். வெளியீட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று உடனே சொன்னது. எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் டம்ளரோடு வந்து, “என்ன ஆச்சுப்பா?” என்றார்.

“பதிவு பட்டனை அழுத்த மறந்திருப்பீங்க மாமா” என்றேன்.

“அமுக்கினேனே. முடிஞ்சதுன்னு கூட வந்ததே.”

“முந்தின கேசட்டுக்கு வந்ததா இருக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இருக்கும். இப்பல்லாம் மறதி ஜாஸ்தியா போச்சு” என்றார். நான் காபியைக் குடித்தேன்.

லேப்டாப்பைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று எடுத்துப் போனேன். அழிந்த கோப்புகளைத் தேடும் ஃபோட்டோரெக் என்ற கருவியை ஓடவிட்டேன். அழித்த பிறகும் அவர் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்ததால் பெரும்பகுதியின் மேல் வேறு பாட்டு எழுதப்பட்டுவிட்டது. சில துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் ஒரு பெண் வர்ணத்தின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள், அக்கா ஒவ்வொரு முறையும் தாளத்தைத் தட்டி நிறுத்துகிறார். அந்தத் துண்டுகளை மாமாவிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் பட்டனை அழுத்தியது நிரூபணமாகிவிடும். ஒரு பென்டிரைவில் போட்டு என் மேஜையில் வைத்துக்கொண்டேன். கோப்புகளை அழித்ததற்காவது அவசரம் என்று ஒரு காரணம் உண்டு. இதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

என் பொய் அவரிடம் வேலை செய்தது. பேங்க் பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட செக் புத்தகத்தையும் மகளிடம் கொடுத்துவிட்டார். கேஸை மூடினோமா என்று எழுந்து எழுந்து பார்க்க ஆரம்பித்தார். தனியாகக் கபாலி கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். மீதிக் கேசட்டுகளை ஏற்றவும் இல்லை. “நான் தொட்டா கெட்டுப் போயிடும்” என்றாராம். மகள் டாக்டரிடம் அழைத்துப்போய் ஞாபகப் பரிசோதனை செய்தார். வயதுக்கு உரிய அளவில் நன்றாகவே இருக்கிறார் என்றுதான் முடிவு வந்தது. பிறகொருநாள் மகள் என்னிடம் பேச்சுவாக்கில், அப்பாவுக்கு இந்தப் பயம் அந்தக் கேசட் விஷயத்திலிருந்துதான் ஆரம்பித்தது என்றார்.

அந்த வாரமே போனேன். இப்போது அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், மகளையும் உட்கார வைத்துக்கொண்டு, கேபிளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பென்டிரைவை மேஜைமேல் வைத்தேன். மாமா அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்போ நான் அமுக்கினேன்?”

“அழுத்தினீங்க மாமா.”

“எல்லாத்துக்கும்?”

“எல்லாத்துக்கும்.”

மகள் என்னோடு பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. அது நியாயம்.

இந்த வேலையில் இருக்கும் பலருக்கும் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெர்மினலில் ஒரு கட்டளை தோற்றால் அதன் செய்தி எழுத்தாகக் கண்முன் நிற்கும். அதைக் கண்டு மிரளுகிறவர்களுக்காகத்தான் நாம் மேலே ஒரு விண்டோ போடுகிறோம். போடும்போது மிரட்டும் எழுத்துகளோடு உண்மையையும் சேர்த்து மூடிவிடுகிறோம். திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க முடிந்தவர்களுக்கு விண்டோ தேவையே இல்லை. தேவைப்படுகிறவர்கள் அந்தப் பச்சை எழுத்தை மட்டுமே நம்பி இருப்பவர்கள். ஆகவே தோல்வியைப் பிடித்து, அதைத் தமிழில் புரியும்படி சொல்வது அந்த விண்டோவின் முதல் கடமை.

டிகே-இன்டருக்கு அடியில் இருப்பது டிகே. 1980-களின் கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஊஸ்டர்ஹவுட் டிசிஎல் என்ற மொழியை உருவாக்கி, அதற்குத் துணையாக அதைச் செய்தார். அந்த டிசிஎல்லில் வெளிக்கட்டளையை ‘எக்ஸெக்’ என்று சொல்லி ஓடவிட்டால், கட்டளை 0 தவிர வேறு எண்ணோடு முடிந்தாலே பிழை என்று நின்றுவிடும். கட்டளை பிழை வழியில் ஏதாவது எழுதினாலும், அதை நாம் வேறு பக்கம் திருப்பாதவரை, பிழை என்றே எடுத்துக்கொள்ளும். சிலருக்கு அது தொந்தரவாகத் தெரியும். இப்போது எனக்கு அதுதான் சரியான குணம் என்று படுகிறது. பைத்தானில் அந்தக் கண்டிப்பை நாம் கேட்டு வாங்க வேண்டும்: 2015-இல் வந்த 3.5 பதிப்பு முதல் ‘ரன்’ என்ற செயற்கூற்றில் ‘செக்’ என்பதை உண்மை என்று வைத்தால், தோற்ற கட்டளை அமைதியாகக் கடந்து போகாது. பட்டன் உறையக் கூடாது என்று என்னைப் போலத் தனியாகக் கிளப்பிவிடுகிறவர்கள், முடிந்ததும் வந்த எண்ணை எடுத்துப் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும்; கட்டளை சொன்ன செய்தியைக் குழாயிலிருந்து படித்தோ ஒரு கோப்பில் எழுதியோ வைக்க வேண்டும்; அழிப்பதற்கு முன் புதிய கோப்பு இருக்கிறதா, ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தும் பத்துப் பதினைந்து வரிகள்தான்.

இதை அச்சில் வெளியிட இன்னொரு காரணமும் உண்டு. அந்த நிரலை மாமாவுக்கு மட்டும் நான் கொடுக்கவில்லை. அடையாறில் ஒரு நண்பர் வீட்டுக்கும், தி. நகரில் வீடியோ கேசட்டுகளை மாற்றித் தரும் ஒரு ஸ்டுடியோவுக்கும், கேட்ட இன்னும் சிலருக்கும் பென்டிரைவில் கொடுத்தேன். நினைவில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது என் கையில் இல்லை. ‘கேசட் பதிவு’ என்ற தலைப்போடு, ‘பதிவு’, ‘மாற்று’ என்ற இரண்டு பட்டன்களோடு ஒரு விண்டோ உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இருந்தால் இன்றே அதை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு, டிஸ்க்கில் உள்ள கோப்புகளை உங்கள் கேசட் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். இருக்கும் கோப்புகளை ஃப்ளாக் கட்டளையோடு ‘மைனஸ் டி’ (-t) என்ற விருப்பத்தைச் சேர்த்துச் சோதியுங்கள்; பழுதில்லாத கோப்புக்கு ‘ஓகே’ என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் அந்தப் பதில் வரும்வரை ஒரு கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.